[கால்சியம்] 3டி⁶ என்று ஏன் எழுதக் கூடாது?

பதினொன்றாம் வகுப்பில் எலக்ட்ரான் அமைப்பு, அதாவது ஓர் அணுவின் எலக்ட்ரான்கள் எங்கெங்கே எத்தனை இருக்கின்றன என்பதை எழுதும் முறை, நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நான் ஏறத்தாழ ஒரே சொற்களைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். முழுவதையும் எழுதினால் நீளமாகிவிடும், ஆகவே அந்தத் தனிமத்துக்கு முந்தைய மந்த வாயுவின் (எளிதில் வினைபுரியாத வாயுவின்) குறியீட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுங்கள் என்பேன். மாணவர்களும் அதை இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் ஓர் உத்தியாகவே எடுத்துக்கொள்வார்கள். சென்ற ஆண்டு, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் இரும்பின் எலக்ட்ரான் அமைப்பை [கால்சியம்] 3டி⁶ என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். தவறு என்று சிவப்பு மையால் அடித்தேன். "சார், கால்சியத்துக்கு இருபது, டி-யில் ஆறு, மொத்தம் இருபத்தாறு. கணக்கு சரியாகத்தானே வருகிறது? ஆர்கான் போடுவதைவிட இது இன்னும் சின்னதாகவும் இருக்கிறதே" என்றான்.

கணக்கு சரிதான். சுருக்குவதுதான் நோக்கம் என்றால் அவன் எழுதியது என்னுடையதைவிடச் சிறந்த சுருக்கம் என்பதையும் மறுக்க முடியாது. மந்த வாயுவைத்தான் போட வேண்டும், அதுதான் மரபு என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. இந்தப் பதிவு, அவனுக்கு மறுவாரம் நான் சொன்ன பதிலின் விரிவான வடிவம். எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களான ஆர்பிட்டால்களின் எழுத்துகளையும் தனிமங்களின் குறியீடுகளையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்; விடைத்தாளில் வழக்கமான குறியீடுகளைத்தான் எழுத வேண்டும் என்பதை என் மாணவர்கள் யாரேனும் படித்தால் நினைவில் கொள்க.

முதலில் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் வரும் எண் கூட்டையும், எழுத்து அந்தக் கூட்டிலுள்ள ஆர்பிட்டாலின் வகையையும், மேலே உள்ள சிறு எண் அங்கே இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையையும் குறிக்கும். சோடியத்தின் அணு எண், அதாவது அதன் அணுவில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, 11. அதன் முழு அமைப்பு 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹. இதில் முதல் பத்து எலக்ட்ரான்களின் அமைப்பு நியானுடையதே ஆகையால், [நியான்] 3எஸ்¹ என்று எழுதினால் போதும். அடைப்புக்குள் வரத் தகுதியுடைய எண்கள் 2, 10, 18, 36, 54, 86 ஆகிய ஆறு மட்டுமே. அவை முறையே ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். கொடுக்கப்பட்ட அணு எண்ணுக்குக் கீழே இவற்றில் மிக அருகில் உள்ளதைத் தேர்ந்து கழித்தால், அடைப்புக்கு வெளியே எத்தனை எலக்ட்ரான்களை எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். அயோடினுக்கு 53-இல் 36 போக 17. ஆகவே [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்² 5பி⁵. பத்து, இரண்டு, ஐந்து, கூட்டினால் பதினேழு. இந்தக் கடைசிக் கூட்டலைச் செய்து பார்க்கும் பழக்கம் மட்டும் இருந்தால், நான் திருத்தும் தவறுகளில் பாதி காணாமல் போய்விடும்.

எந்த ஆர்பிட்டாலுக்குப் பின் எது என்பதற்கு மூலைவிட்ட அம்புகள் போட்ட படம் ஒன்றை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் தனிம வரிசை அட்டவணை சுவரில் தொங்கும்போது அந்தப் படம் தேவையே இல்லை என்பது என் கருத்து. மந்த வாயுவைத் தாண்டி அடுத்த தொடரின் (கிடைவரிசையின்) முதல் கட்டத்தில் கால் வைத்து, இடமிருந்து வலமாகத் தனிமம் வரை நடந்தால் போதும். முதல் இரண்டு கட்டங்கள் எஸ். அங்கே தொடரின் எண்ணையே போட வேண்டும். நடுவில் உள்ள பத்துக் கட்டங்கள் டி. அங்கே தொடரின் எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். கீழே தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் பதினான்கு கட்டங்கள் எஃப். அங்கே இரண்டைக் குறைக்க வேண்டும். வலக்கோடியில் உள்ள ஆறும் பி. மறுபடியும் தொடரின் எண்ணே. காரீயத்துக்கு (ஈயத்துக்கு) இப்படி நடந்து பாருங்கள். செனானைத் தாண்டி ஆறாம் தொடரில் இறங்கினால் 6எஸ்², கீழே போய் 4எஃப்¹⁴, மேலே வந்து 5டி¹⁰, பிறகு வலப்புறம் இரண்டு கட்டங்கள், 6பி². மொத்தம் 28, 82-இல் 54 போனால் வருவதும் அதுவே. இதையே அடைப்பு இல்லாமல் எழுதினால் 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்² 3டி¹⁰ 4பி⁶ 5எஸ்² 4டி¹⁰ 5பி⁶ 6எஸ்² 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6பி² என்று ஒரு வரி முழுவதும் நீளும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு தேர்வில் இதே காரீயத்துக்கு 4டி-யை விட்டுவிட்டு எழுதி, பத்து எலக்ட்ரான்களைத் தொலைத்திருக்கிறேன்.

ஆக, சுருக்கம் பயனுள்ளதுதான். ஆனால் அடைப்புக்குள் கால்சியத்தைப் போட்டாலும் சுருங்கத்தானே செய்கிறது என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. விடை அயனியாக்கும் ஆற்றல், அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல், அட்டவணையில் இருக்கிறது.

சோடியத்திலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க மோல் ஒன்றுக்கு 496 கிலோஜூல் தேவை. இரண்டாவதை எடுக்க 4562 கிலோஜூல் தேவை. ஒன்பது மடங்குக்கும் மேல். மெக்னீசியத்தில் முதல் இரண்டுக்கும் 738, 1451 என்று படிப்படியாக ஏறும் ஆற்றல், மூன்றாவதில் 7733-க்குத் தாவுகிறது. அலுமினியத்தில் 578, 1817, 2745 என்று மூன்று எலக்ட்ரான்கள் வரை ஏறிய பிறகு நான்காவதில் 11,577. ஒன்று, இரண்டு, மூன்று என்று தாவும் இடம் தனிமத்துக்குத் தனிமம் தள்ளிப்போனாலும், மூன்றிலும் அந்த இடம் ஒன்றேதான்; மூன்றும் [நியான்] என்ற அடைப்பின் சுவரில் போய் முட்டுகின்றன. அடைப்புக்கு வெளியே இருக்கும் எலக்ட்ரான்களை வேதிவினைகளில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு எடுக்க முடியும். உள்ளே இருப்பவற்றை எடுக்க முடியாது. இந்தக் குறியீட்டை எழுதும்போது நாம் உண்மையில் சொல்வது இதைத்தான். அடைப்புக்குள் இருப்பது, இந்த அணு செய்யும் எந்த வேதிவினையிலும் வெளியே வராது.

இப்போது அந்த மாணவன் எழுதிய [கால்சியம்] 3டி⁶ என்பதைப் பாருங்கள். இரும்பு வினைபுரிந்து இரண்டு எலக்ட்ரான்களை இழந்து இரும்பு இரண்டு அயனியாக மாறும்போது அதன் அமைப்பு [ஆர்கான்] 3டி⁶. வெளியேறியவை இரண்டும் 4எஸ் எலக்ட்ரான்கள். அவன் எழுதிய முறையில் அந்த இரண்டும் எங்கே இருக்கின்றன? கால்சியத்தின் இருபதில் கடைசி இரண்டாக, அடைப்புக்குள். வெளியில் இருக்கும் ஆறும் அப்படியே உட்கார்ந்திருக்க, பூட்டி வைத்த அறைக்குள்ளிருந்து இருவர் முதலில் எழுந்து போவது போல ஆகிவிடுகிறது. கூட்டல் சரியாக வந்தும் பொருள் தவறியது இந்த இடத்தில்தான். துரு பிடிக்கும்போது உருவாகும் இரும்பு மூன்று அயனியில் இன்னும் ஓர் எலக்ட்ரான் 3டி-யிலிருந்து போய் [ஆர்கான்] 3டி⁵ மிஞ்சுகிறது. அங்கும் ஆர்கானின் பதினெட்டை எதுவும் தொடவில்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் அடுத்த கேள்வி தவறாமல் வரும். 4எஸ் முதலில் நிரம்புகிறது என்றால் அது ஆற்றல் குறைந்தது என்றுதானே பொருள், பிறகு ஏன் அதுவே முதலில் காலியாகிறது? பல ஆண்டுகள் இதற்கு நான் மழுப்பலான விடைகளையே தந்திருக்கிறேன். "முதலில் நிரம்புகிறது" என்ற தொடரே இங்கே நம்மைக் குழப்புகிறது என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ்-தான் 3டி-யைவிட ஆற்றல் குறைந்தது. ஆகவே அவை [ஆர்கான்] 4எஸ்¹, [ஆர்கான்] 4எஸ்². அடுத்து வரும் ஸ்காண்டியத்தில் அணுக்கருவின் மின்சுமை ஒன்று கூடியதும் நிலைமை தலைகீழாகிறது. ஸ்காண்டியத்தின் மூன்று எலக்ட்ரான்களையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தால், நிறமாலை காட்டும் வரிசை இது: வெறும் [ஆர்கான்], பிறகு [ஆர்கான்] 3டி¹, பிறகு [ஆர்கான்] 3டி¹ 4எஸ்¹, கடைசியில் [ஆர்கான்] 3டி¹ 4எஸ்². முதலில் வந்து சேர்வது 3டி எலக்ட்ரான்தான்; 4எஸ் கடைசியாக வருகிறது, ஆகையால் முதலில் போகிறது. அப்படியானால் மூன்றும் 3டி-க்கே போயிருக்கலாமே என்றால், 3டி ஆர்பிட்டால்கள் கருவை ஒட்டிச் சுருங்கியவை, அவற்றில் எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று கடுமையாக விலக்கும். பரந்து விரிந்த 4எஸ்-இல் இரண்டு தங்கிக்கொள்வது அணுவின் மொத்த ஆற்றலுக்கு இலாபம். தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது எந்த எலக்ட்ரான் கூடுகிறது என்பது ஒரு கேள்வி. ஒரே அணுவிலிருந்து எந்த எலக்ட்ரான் முதலில் போகும் என்பது வேறு கேள்வி. அட்டவணையில் நடக்கும் வித்தை முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும்.

இதனால்தான் இரும்பை நான் [ஆர்கான்] 4எஸ்² 3டி⁶ என்று எழுதுவதில்லை; [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்² என்றே எழுதப் பழக்குகிறேன். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் பின்னதில் கூட்டின் எண் ஏறுமுகமாக அமைவதால், அயனியை எழுதும்போது வலக்கோடியிலிருந்து அழித்துக்கொண்டே வந்தால் போதும்.

அடைப்புக்குள் இருப்பது மந்த வாயுவின் அணு என்று நினைத்துவிடுவதும் மாணவர்களிடையே பரவலான ஒரு பிழை. இரும்புக்குள் ஓர் ஆர்கான் அணு உட்கார்ந்திருக்கவில்லை. ஆர்கானின் கருவில் 18 புரோட்டான்கள், இரும்பின் கருவில் 26. ஆகவே அதே பதினெட்டு எலக்ட்ரான்களை இரும்பு மிக இறுக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. அடைப்பு சொல்வது எலக்ட்ரான்கள் அடுக்கப்பட்ட முறையை மட்டுமே, அவற்றின் ஆற்றலையோ அளவையோ அன்று. இந்த வேறுபாடு புரிந்தால்தான் செனானின் கதை குழப்பாது. 1962-இல் நீல் பார்ட்லெட் செனானை வினைபுரியச் செய்து முதல் சேர்மத்தை உருவாக்கிய பின், "மந்த" என்ற சொல்லே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. இலங்கைப் பாடநூல்கள் இவற்றை விழுமிய வாயுக்கள் என்கின்றன. அந்தப் பெயரே எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. செனானே வினைபுரியும்போது காரீயத்தில் [செனான்] என்று எப்படிப் பூட்டி வைக்கலாம் என்று கேட்டால், செனான் அணுவின் வெளிக்கூட்டைப் பிடித்திருப்பது 54 புரோட்டான்கள், காரீயத்தில் அதே அமைப்பைப் பிடித்திருப்பது 82 புரோட்டான்கள் என்பதே விடை.

அடைப்புகளில் மிகப் பரிதாபமானது [ஹீலியம்]. லித்தியம் முதல் நியான் வரையிலான எட்டுத் தனிமங்களுக்கு மட்டுமே அது பயன்படும். அங்கும் அது மிச்சப்படுத்துவது 1எஸ்² என்ற ஒரே ஓர் உறுப்பைத்தான். கார்பனை [ஹீலியம்] 2எஸ்² 2பி² என்று எழுதுவது, முழுவதையும் எழுதுவதைவிட நீளமோ என்றுகூடத் தோன்றும். மெண்டெலீவ் 1869-இல் அட்டவணையை வெளியிட்டபோது இந்த ஆறு பெயர்களில் ஒன்றுகூட அதில் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆர்கான் 1894-இல் கண்டறியப்பட்டது. பூமியில் ஹீலியம் 1895-இல் கிடைத்தது. நியான், கிரிப்டான், செனான் மூன்றும் 1898-இல் ராம்சேயும் டிராவர்சும் கண்டறிந்தவை. வினைபுரியாத ஒன்றை வேதியியலால் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம்.

சுருக்கமான இந்த எழுத்து ஒரு தனிமத்தின் தன்மையை எவ்வளவு சொல்லும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஹாஃப்னியம். 72 என்ற அணு எண்ணுக்கு உரிய கட்டம் 1922 வரை உறுதியாக நிரம்பாமல் இருந்தது. பிரான்சைச் சேர்ந்த உர்பேன் என்பவர் அருமண் கனிமங்களிலிருந்து (லுட்டீசியம் போன்ற தனிமங்கள் கிடைக்கும் கனிமங்களிலிருந்து) அதைப் பிரித்துவிட்டதாகக் கூறி, செல்டியம் என்ற பெயரையும் சூட்டியிருந்தார். நீல்ஸ் போர் தம் அணுக் கொள்கையை வைத்து வேறுவிதமாக வாதிட்டார். இன்றைய குறியீட்டில் அவர் வாதத்தைச் சொல்வதென்றால், 71-ஆம் தனிமமாகிய லுட்டீசியம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹ 6எஸ்². எஃப் கூட்டின் பதினான்கும் அங்கேயே நிரம்பிவிட்டன. அடுத்தது [செனான்] 4எஃப்¹⁴ 5டி² 6எஸ்² ஆகத்தான் இருக்க முடியும். ஐந்தாம் தொடரில் இதற்கு நேர் மேலே இருக்கும் சிர்க்கோனியம் [கிரிப்டான்] 4டி² 5எஸ்². அடைப்பையும் நிரம்பிய 4எஃப்-ஐயும் விலக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். எனவே இந்தத் தனிமத்தை அருமண் கனிமங்களில் அல்ல, சிர்க்கோனியத் தாதுவில் தேட வேண்டும். கோப்பன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் சிர்க்கோனியத் தாதுக்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது 72-க்கு உரிய கோடுகள் தெரிந்தன. 1922 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய நோபல் உரையின்போதே போர் அதை அறிவித்தார். கண்டுபிடிப்பு 1923 ஜனவரியில் அச்சேறியது. கோப்பன்ஹேகனின் இலத்தீன் பெயரான ஹாஃப்னியாவே தனிமத்துக்கும் பெயரானது.

விதிவிலக்குகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. குரோமியம் [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹, தாமிரம் [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்¹ என்ற இரண்டும் தேர்வுக்கு வரும். பாதி நிரம்பினாலும் முழுதும் நிரம்பினாலும் நிலைப்புத்தன்மை கூடும் என்ற விளக்கத்தையும் எழுதலாம். ஆனால் அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். மாலிப்டினம் குரோமியத்தைப் பின்பற்றுகிறது. அதற்குக் கீழே உள்ள டங்ஸ்டன் [செனான்] 4எஃப்¹⁴ 5டி⁴ 6எஸ்² என்று ஒழுங்காக இருந்துகொள்கிறது. நையோபியம் பாதியும் நிரம்பாமல் முழுதும் நிரம்பாமல் 4டி⁴ 5எஸ்¹ என்று நிற்கிறது. பல்லேடியம் எல்லாவற்றையும் மிஞ்சி, 5எஸ்-இல் ஒன்றுகூட வைக்காமல் [கிரிப்டான்] 4டி¹⁰ என்று முடிகிறது. கனமான தனிமங்களில் எஸ், டி ஆற்றல்களுக்கு இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. அங்கே ஒரு வாக்கிய விதி எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடைப்பு மறைப்பதும் ஒன்று உண்டு. காலியம் என்ற தனிமத்தின் அமைப்பு [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி¹. அடைப்புக்கு வெளியே பதின்மூன்று எலக்ட்ரான்கள் இருக்கின்றனவே என்று அத்தனையையும் இணைதிறன் எலக்ட்ரான்களாக (வினையில் ஈடுபடுபவையாக) எண்ணிவிடும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். உண்மையில் வினைக்கு வருபவை மூன்றே. நிரம்பிய 3டி¹⁰ அடைப்புக்கு வெளியே நின்றாலும் உள்ளே இருப்பவற்றைப் போலவே நடந்துகொள்கிறது. ஆனாலும் அதைப் புறக்கணித்துவிட முடியாது. டி எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பைச் சரியாக மறைக்காததால் காலியம் சுருங்கி, தனக்கு மேலே இருக்கும் அலுமினியத்தைவிடச் சற்றே சிறியதாகவே ஆகிவிடுகிறது. கீழே போகப் போக அணு பெரிதாகும் என்ற பாடம் இங்கே பொய்க்கிறது. நிரம்பிய கூட்டை அடைப்புக்கு வெளியே எழுதும் வழக்கம் இந்த ஒரு காரணத்துக்காகவேனும் நல்லது.

இவ்வளவையும் மறுவாரம் அந்த மாணவனிடம் சொன்னேன். உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது என்பதுதான் சோதனை என்றால் அவனுக்குத் திருப்தியாகும் என்று நினைத்தேன். அவன் அட்டவணையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் இண்டியத்துக்கு [பல்லேடியம்] 5எஸ்² 5பி¹ என்று எழுதலாமா சார்? பல்லேடியத்தில் 5எஸ்-ஏ இல்லையே, உள்ளேயிருந்து யாரும் வர மாட்டார்களே" என்றான்.

46-உம் 3-உம் 49. இண்டியம் மூன்று எலக்ட்ரான்களை இழக்கும்போது மிஞ்சும் 46-உம் பல்லேடியத்தின் அமைப்பில்தான் இருக்கின்றன. வெள்ளீயத்துக்கும் ஆன்டிமனிக்கும் அயோடினுக்கும்கூட அவன் வைத்த அடைப்பு பொருந்தும். மாட்டிக்கொண்டோம் என்று தோன்றிய நேரத்தில் வெள்ளி கைகொடுத்தது. [பல்லேடியம்] 5எஸ்¹ என்று வெள்ளியை எழுதலாம்; ஆனால் வெள்ளி டைஃபுளூரைடு என்று ஒரு சேர்மம் இருக்கிறது, அதில் வெள்ளி இரண்டு எலக்ட்ரான்களை இழந்து 4டி⁹ ஆக நிற்கிறது, இரண்டாவது எலக்ட்ரான் பல்லேடிய அடைப்புக்குள்ளிருந்து வந்தாக வேண்டும் என்றேன். அவன் விடவில்லை. "வெள்ளிக்குத்தான் சார் வருகிறது, இண்டியத்துக்கு வரவில்லையே" என்றான். இண்டியத்துக்கு வராது என்று ஒப்புக்கொண்டு, தேர்வில் மட்டும் கிரிப்டானையே எழுது என்று சொல்லி அனுப்பினேன்.